இருநூற்றைம்பது சொல்லில் உங்கள் கம்யூனிட்டி

சப்ளிமென்டல் எஸ்ஸே என்றால் பெயிலான பிள்ளைகள் எழுதுவது என்றுதான் நான் முதலில் நம்பினேன். என் மேல் முழுத் தப்பு இல்லை. கர்நாடகத்தில் பியூசியில், அதாவது நம் பிளஸ் டூவில், மண்ணைக் கவ்வியவர்களுக்குச் சப்ளிமென்டரி பரீட்சை என்று ஒன்று உண்டு. அல்சூரில் எங்கள் தெருவில் அதைச் செல்லமாக 'சப்ளி' என்போம். "அவன் கெமிஸ்ட்ரில சப்ளிடா" என்றால் அவன் அம்மாவிடம் ஒரு மாதம் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். அந்தச் சப்ளிமென்டரிக்கு ஒன்றுவிட்ட தம்பிதான் இந்தச் சப்ளிமென்டல் என்று எடுத்துக்கொண்டேன். முதல் கட்டுரையில் தேறாத பிள்ளைக்கு அமெரிக்காக்காரன் பெரிய மனது பண்ணி இன்னொரு வாய்ப்புத் தருகிறான்; நாம் உடனிருந்து கரையேற்ற வேண்டும். புண்ணியமான வேலை.

இந்த நம்பிக்கையோடு இந்திராநகரில், அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க உதவும் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் காலை, வரவேற்பு மேசையில் ஆள் இல்லாததால் என்னை உட்கார வைத்திருந்தார்கள். பட்டுப்புடவையில் ஓர் அம்மா வந்தார்.

"சார், என் பையனுக்கு ஏழு சப்ளிமென்ட் இருக்கு. டைம் வேற இல்ல."

ஏழா! எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"குடிங்கம்மா. மனசை விடக் கூடாது. எங்க சித்தப்பா பையன் ஒன்பது வச்சிருந்தான். இப்ப சிவாஜிநகர்ல ஸ்வீட் கடை வச்சு அமோகமா இருக்கான்."

அந்த அம்மா தம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார். பையன் பள்ளியிலேயே முதல் மாணவனாம். நேரே உள்ளே போய் எங்கள் முதலாளியம்மாவைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது.

"ஏன்ரீ பாஸ்கர், சொல்ப இங்க வாங்க. தண்ணி வேணாம், நீங்க மட்டும் வாங்க."

அது வசுந்தரா மேடம். பிறந்து வளர்ந்தது தமிழர் நிறைந்த அல்சூர் என்பதால் வீட்டுக்கு வெளியே தமிழ், வீட்டுக்குள் கன்னடம், கோபம் வந்தால் ஆங்கிலம். அன்றைக்குக் கன்னட 'ரீ'யும் 'சொல்ப'வும் கலந்த தமிழில்தான் பேசினார். அதனால் வேலை தப்பியது. பொதுக் கட்டுரை ஒன்று எல்லாக் கல்லூரிக்கும் போகும். அது போகப் பல கல்லூரிகள் தமக்கென்று தனிக் கேள்வி கேட்கும், அதற்கு எழுதும் துணைக் கட்டுரைதான் இது என்று விளக்கினார். "எங்கள் கல்லூரியே ஏன் வேண்டும்?" "எந்தப் படிப்பு, அது ஏன்?" இப்படி இருக்கும் கேள்விகள். இருநூற்றைம்பது சொல்லுக்குள் பதில். கடைசியில், "இனிமே ரிசப்ஷன்ல உக்காராதீங்க ரீ" என்று சேர்த்துக்கொண்டார்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், நான் விட்டுவந்த நாற்காலிகளில் இன்று உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள். போன மாதம் ஒரு காபிக்குக் கூப்பிட்டார்கள். "சார், இப்ப மெஷின்கிட்ட கேட்டா நொடியில எழுதித் தருது. உங்க காலத்துல எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். உங்கள் காலம் என்று அவள் சொன்னது போன வருஷத்தை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்பது போலிருந்தது. வாயால் சொல்லப்போனால் நடுவில் ஜோக்கடித்துக் கெடுத்துவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். எழுத்திலும் கெடுக்க மாட்டேன் என்று உத்தரவாதம் இல்லை.

பயிற்சி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு முன்பு பீணியாவில் ஒரு தொழிற்சாலையில் வாட்டர் ஹீட்டருக்குக் கையேடு எழுதிக்கொண்டிருந்தேன். 'சுவிட்சை அணைத்த பிறகே கை வைக்கவும்' என்று ஒரே விஷயத்தை இருபது விதமாக எழுதும் தொழில். தொழிற்சாலை வேறு ஊருக்குப் போனது, நான் போகவில்லை. "அபாயம்னு எழுதி எழுதி நீயே ஒரு அபாயச் சங்கு ஆயிட்டே" என்பாள் என் மனைவி கலா. உண்மைதான். யாராவது தும்மினால்கூட எனக்கு ஆம்புலன்ஸ் எண்தான் முதலில் ஞாபகம் வரும். அப்படிப்பட்டவனைப் பதற்றமே தொழிலாக உள்ள இடத்தில் கொண்டுபோய் விட்டது விதி.

மேடத்தின் வேலைமுறை தனி. முதல் சட்டம்: நம் கை பிள்ளையின் கீபோர்டில் படக் கூடாது. கேள்வி கேட்கலாம், கிண்டல் செய்யலாம், கொட்டாவி விடலாம். ஒரு சொல்கூட நாமாகப் போடக் கூடாது.

"நீங்க ஒரு வார்த்தை போட்டா, பதினேழு வயசுப் பிள்ளைக்கு நடுவுல ஒரு அங்கிள் வந்து உக்காந்திருக்கார்னு அங்க கட்டுரையைப் படிக்கறவனுக்கு ரெண்டாவது வரியிலயே தெரிஞ்சிடும் ரீ. கை அரிச்சா, அது மேலேயே உக்காருங்க."

பழமொழி மாதிரி சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே சொன்னார். இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு எதிரே உட்காருவேன். நவம்பர் முதல் ஜனவரி வரை என் கைகள் மரத்துப்போன நிலையிலேயே வீட்டுக்கு வரும். சட்னிக் கிண்ணத்தை இருமுறை கீழே போட்ட பிறகு, "அப்படி என்னதான் வேலை பாக்கறே அங்க?" என்று கலா கேட்டாள். "கை மேல உக்காந்திருக்கேன்" என்றேன்.

இரண்டாவது, பெயர் மாற்றும் சோதனை. 'எனக்கு உங்கள் கல்லூரியே வேண்டும்' என்று உருகி எழுதிய கட்டுரையை எடுத்து, கல்லூரியின் பெயரை அழித்துவிட்டு வேறொரு கல்லூரியின் பெயரைப் போட்டுப் படிப்போம். அப்போதும் அர்த்தம் கெடாமல் இருந்தால் கட்டுரை குப்பைக்கு. ஒரு பையன் எழுதியதில் மேடம் கல்லூரியின் பெயருக்குப் பதில் கோரமங்கலாவில் ஒரு ஜிம் பெயரைப் போட்டுப் படித்தார். அப்போதும் கச்சிதமாகப் பொருந்தியது. 'உங்கள் உலகத்தரமான வசதிகளும் பன்முகத்தன்மை கொண்ட சூழலும் என்னை முழு மனிதனாக்கும்.' அந்தப் பையனும் சிரித்துவிட்டான்.

மூன்றாவதுதான் முக்கியம்: அவரேகாய். விண்ணப்ப சீசனும் பெங்களூரில் அவரேகாய் சீசனும் ஒன்றுதான். நம் மொச்சைதான், இங்கே அந்தப் பனி மாதங்களில் உப்புமாவிலிருந்து தோசை வரை எல்லாவற்றிலும் அதைப் போட்டுச் சாப்பிடாவிட்டால் ரேஷன் கார்டை ரத்து செய்துவிடுவார்கள் போலிருக்கும். மேடம் வரும்போதே மார்க்கெட்டிலிருந்து ஒரு பை நிறைய வாங்கிவருவார். பிள்ளை கட்டுரையை வாய்விட்டுப் படிக்க வேண்டும். மேடம் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு காயை உரித்துக்கொண்டே கேட்பார். கட்டுரை சலிப்பூட்டினால் உரிக்கும் வேகம் ஏறும். நன்றாக இருந்தால் குறையும். கை நின்றுவிட்டால் அனுப்பலாம். மோசமான கட்டுரைகளை நாங்கள் 'அரைக் கிலோ', 'ஒரு கிலோ' என்று எடைபோட்டே பேசிக்கொள்வோம்.

சலிப்புக்குக் குறைவே இல்லை. பெங்களூரின் ஏரிகளை எங்கள் பிள்ளைகள் கட்டுரைகளில் சுத்தம் செய்த அளவுக்கு நிஜத்தில் செய்திருந்தால், அல்சூர் ஏரித் தண்ணீரை நேரடியாக பாட்டிலில் அடைத்து விற்கலாம். ஏரி கிடைக்காதவர்கள் தெருநாயைக் காப்பாற்றினார்கள். நாய் கிடைக்காதவர்கள் நாய்க்கு ஆப் செய்தார்கள்.

இனி மாயாவின் கதை.

வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்கு மேடம் கட்டணம் வாங்க மாட்டார். அந்த வருஷம் அது மாயா. அவளும் அல்சூர்தான். அப்பா சேகர் பள்ளி வேன் ஓட்டுபவர். அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா. மாயாவுக்கு நிலவியல் படிக்க வேண்டும். "கல்லு படிக்கணுமாம் சார்" என்று முதல் தடவை சேகர் சொன்னபோது, அவர் குரலில் பெருமையும் கவலையும் பாதிப் பாதி இருந்தது. "நம்ம ஊர்ல இல்லாத கல்லா? பெங்களூரே பாறை மேலதான் இருக்கு."

பனி கொட்டும் ஒரு மாநிலத்தில் இருந்த ஒரு சின்னக் கல்லூரி மேல் அவளுக்கு உயிர். அங்கே நிலவியல் நன்றாக இருந்தது. எடுத்தால் முழுச் செலவையும் ஏற்கும் என்றும் போட்டிருந்தது. மற்ற கல்லூரிகளைப் பற்றிப் பேசினால் மூக்கைச் சொறிந்துகொண்டிருப்பாள். இதன் பெயரை எடுத்தால் நிமிர்ந்து உட்காருவாள். அந்தக் கல்லூரி ஒரே ஒரு துணைக் கேள்விதான் கேட்டது. நீங்கள் சேர்ந்திருக்கும் கம்யூனிட்டி ஒன்றைப் பற்றியும், அதில் உங்கள் இடம் எது என்பதையும் இருநூற்றைம்பது சொல்லில் எழுதவும்.

மாயா முதலில் ஏரியைச் சுத்தம் செய்தாள். மேடம் முக்கால் கிலோ உரித்தார். மாயா கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

கடைசி நாளுக்கு முந்தைய நாள், சேகர் மதியம் காக்கிச் சட்டையோடு நேரே என் மேசைக்கு வந்து நின்றார். வேனைக் கீழே குறுக்கே நிறுத்தியிருந்தார். யாரோ ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"சார், அந்தக் காலேஜ் வேணாம். எடுத்துடுங்க."

"எந்தக் காலேஜ்?"

"பனி காலேஜ்."

"ஏங்க? அவளுக்கு அதான உயிர்?"

சேகர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கம்யூனிட்டி கேக்கறான் சார். ராத்திரி பொண்ணு படிச்சிக்கிட்டு இருந்தா, கேட்டுட்டேன். அங்கியுமா சார்?"

எனக்குப் புரிந்தது. இந்த ஊரில் பிறந்த எவனுக்கும் 'கம்யூனிட்டி' என்றால் ஒரே அர்த்தம்தான். பள்ளிக்கூடச் சேர்க்கையில், வேலை விண்ணப்பத்தில், வாடகை வீட்டு வாசலில், எங்கும் அது சாதிக்குப் போட்ட சட்டை. அதில் "உங்கள் இடம் எது" என்று வேறு கேட்டுவைத்திருக்கிறான் அந்தப் புண்ணியவான்.

"எடம் வேற கேக்கறான் சார்! எது மேலே, எது கீழேன்னு அவனுக்கு யார் சார் சொல்லிக் கொடுத்தது?"

"ஐயோ, அது அந்தக் கம்யூனிட்டி இல்ல சேகர். அவங்க ஊர்ல வேற அர்த்தம். தமிழ்ல சொல்லணும்னா... சமூகம்."

"அதையேதான சார் நானும் சொல்றேன்? தெருவுக்கு ஒரு சமூகம், சமூகத்துக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு போர்டு."

"சரி, சமுதாயம்னு வச்சுக்குங்க."

"வீடு வாடகைக்குக் கேட்டா மரியாதை தெரிஞ்சவங்க அப்படித்தான் சார் கேப்பாங்க. 'நீங்க எந்த சமுதாயம்?' மரியாதை தெரியாதவன் நேராக் கேப்பான்."

கையேடு எழுதிய ஆள் நான். ஒரே விஷயத்தை இருபது விதமாகச் சொல்லத் தெரிந்தவன். எனக்குச் சொல்லுக்கா பஞ்சம் என்று அடுத்தடுத்துத் தேடினேன். பிரிவு? வகுப்பு? இனம்? வாயைத் திறக்கும் முன்பே ஒவ்வொன்றும் அதே சாதிக் கவுன்ட்டரில் போய் வரிசையில் நின்றது. கன்னடத்துக்குத் தாவினேன்.

"ஜனாங்கான்னு சொல்றாங்கல்ல..."

"சர்க்கார் பாரத்துல நாலாவது வரி சார் அது."

"பிராதரி?" உருது கைகொடுக்கும் என்று ஒரு நப்பாசை.

"எங்க வேன் ஓனர் பாய், பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடும்போது அதைத்தான் சார் மொதல்ல கேட்டாரு."

"அட, ஒண்ணுமில்லீங்க சேகர், அதாவது நம்ம ஆளுங்க—"

சொல்லி முடிக்கும் முன்பே நாக்கைக் கடித்துக்கொண்டேன். சேகர் முதல்முறையாகச் சிரித்தார்.

"நம்ம ஆளுங்களா? 'நம்மாளா?'ன்னு கேக்கறதுக்கு மேல ஒரு கேள்வி இருக்கா சார்? சுத்தம்."

மூன்று மொழிகளிலும் தோற்றவன், கடைசி ஆயுதமாக நெஞ்சை உருக்கும் ஒரு சொற்பொழிவை எடுத்தேன். அவர் கூச்சப்படுகிறார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். "இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல சேகர், காலம் மாறிடுச்சு..." என்று தொண்டையைக் கனைத்து ஆரம்பித்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"வெக்கமா? எனக்கா? வாசல்லயே புத்தர் படத்தை லைட் போட்டு மாட்டி வச்சிருக்கேன் சார். பொண்ணுக்கு மாயான்னு பேர் வச்சதே புத்தரோட அம்மா பேர்னுதான். வெக்கப்பட வேண்டியவன் கேக்கறவன். எனக்குப் பேப்பர்தான் சார் பிரச்சினை."

"என்ன பேப்பர்?"

"சர்டிபிகேட் சார்! கம்யூனிட்டின்னு எழுதினா சர்டிபிகேட் கேக்க மாட்டானா? இங்க ஆபீசுக்குப் போனா, 'உங்க தாத்தா வேலூர்ப் பக்கம், அங்க போய் வாங்கு'ங்கறான். அங்க போனா, 'நீ பொறந்தது பெங்களூரு, அங்கியே கேளு'ங்கறான். எத்தனை வாட்டி ஓசூர் பஸ்ஸு ஏறியிருப்பேன் தெரியுமா? அந்த வழியாப் போற கண்டக்டருங்க எல்லாம் என்னை மச்சான்னு கூப்பிடறாங்க. என் கம்யூனிட்டி இங்கியும் இல்ல அங்கியும் இல்ல சார், பார்டர்ல நின்னுக்கிட்டு இருக்கு. அந்தப் பேப்பர் இல்லேன்னு அவளைப் பாதியில திருப்பி அனுப்பிட்டா? அது பஸ்ஸு இல்ல சார், பிளைட்டு."

சொற்பொழிவை அப்படியே விழுங்கினேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து மாயா வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். எனக்கிருந்த பதற்றம் அவளுக்கு இல்லை.

"அப்பா, சர்டிபிகேட் எல்லாம் கேக்கல. தெனமும் யார் யார் கூட இருக்கே, அங்க நீ என்ன பண்றேன்னு கேக்கறாங்க. அவ்ளோதான்."

"யார் கூட இருக்கே? என் கூடத்தான் இருக்கே. வேன்ல."

"ஆமா. வேன்ல."

அவள் சொன்னபிறகுதான் அவளுக்கே உறைத்தது போலிருந்தது. என்னைப் பார்த்தாள். நான் அவசரமாகக் கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். தினமும் காலையில் மாயா அப்பாவின் வேனில் முன்னால் உட்கார்ந்து குழந்தைகளை ஏற்றி இறக்குவாள். அல்சூர், பிரேசர் டவுன், காக்ஸ் டவுன் பிள்ளைகள். வேறு வேறு பள்ளிகள். அந்த வேனுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. ஜன்னல் சீட்டு வாரம் ஒரு முறை மாறும். ஆனால் வாந்தி எடுப்பவர்களுக்கு ஜன்னல் நிரந்தரம். அதனால் வாந்தி வருவதாக நடிப்பவர்களை விசாரிக்க ஒரு முறை இருந்தது; நீதிபதி மாயா. புதிதாக வரும் குழந்தை முதல் வாரம் அழலாம், யாரும் கிண்டல் செய்யக் கூடாது. இரண்டாவது வாரம் அழுதால் செய்யலாம். தமிழ்ப் பிள்ளை, கன்னடப் பிள்ளை, உருதுப் பிள்ளை எல்லாருக்கும் வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'தான். எந்தப் பிள்ளைக்கும் மற்றப் பிள்ளையின் வீட்டில் என்ன சாமி என்று தெரியாது. எந்த டிபன் பாக்ஸில் என்ன இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

சேகர் ஹார்ன்காரனுடன் சண்டை போடக் கீழே ஓடினார். போகிறபோது, "சர்டிபிகேட் கேட்டா நீங்கதான் சார் பொறுப்பு" என்றார்.

அன்று மதியம் முழுக்க மாயா எழுதினாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவள் ஓர் இடத்தில் சரியான சொல்லுக்காகத் தவித்தாள். எனக்கு அந்தச் சொல் தெரியும். பளபளவென்று நாக்கு நுனியில் நிற்கிறது. வாட்டர் ஹீட்டர் நாளிலிருந்து பத்திரமாக வைத்திருந்த சொல். இடது கை தொடைக்குக் கீழிருந்து தானாக வெளியே வந்தது. வலது கை அதைப் பிடித்து உள்ளே இழுத்தது. மாயா நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கிள், பாத்ரூம் போகணும்னா போங்க."

மறுநாள் காலை வேனுக்கு லீவு போட்டுவிட்டு, மாயா மேடத்தின் முன்னால் உட்கார்ந்து படித்தாள். அமெரிக்காவில் நள்ளிரவோடு முடியும் கெடு நமக்குக் காலை பத்தரைக்கு முடியும். மணி எட்டைத் தாண்டியிருந்தது. கட்டுரை சேகரின் பயத்திலிருந்து தொடங்கியது. எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு ஒரு சர்டிபிகேட் உண்டு, என் அப்பா அதற்காக இரண்டு மாநிலங்களுக்கு நடுவே பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தார், அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் உங்கள் கல்லூரியே வேண்டாம் என்றார் என்று. பிறகு வேன். ஜன்னல் சட்டம். வாந்தி விசாரணை.

மேடத்தின் விரல்கள் முதல் பத்தியிலேயே தடுமாறின. வாந்தி விசாரணையில் நின்றன. பாதி உரித்த காய் ஒன்று கையிலேயே இருந்தது.

"அனுப்பு" என்றார். மாயா அனுப்பும் பொத்தானை அமுக்கப்போனாள். "நில்லு. அப்பா கேட்டாரா இதை?"

கேட்கவில்லை. அவர் வேனில் இருந்தார். வண்டி ஓட்டும்போது போனை எடுக்க மாட்டார். அது அவர் கொள்கை.

"அவர் கதை இது. அவர் வேணாம்னா அனுப்பக் கூடாது. போங்க ரீ, பாஸ்கர்."

மாயாவும் நானும் லேப்டாப்போடு ஆட்டோ பிடித்தோம். இந்திராநகரிலிருந்து, சேகர் கடைசியாகப் பிள்ளைகளை இறக்கும் பிரேசர் டவுன் பள்ளி எவ்வளவு தூரம்? பதற்றக்காரனுக்கு அது டெல்லி தூரம். சிக்னல் ஒவ்வொன்றிலும் நான் எழுந்து நின்றேன்; ஆட்டோவில் எழுந்து நின்றால் என்ன ஆகுமோ அதுதான் தலைக்கு ஆனது. கட்டுரை அவருக்குப் பிடிக்காவிட்டால்? 'என் பிரச்சினையை ஊர் பூரா சொல்றியா' என்று கத்தினால்? வேனோடு எங்காவது போய்விட்டால்? வேன் பஞ்சராகி, ஆட்டோ பஞ்சராகி, அமெரிக்காவே பஞ்சராகி...

"கைக்கு டென்ஷன் சாப்?" என்றார் ஆட்டோக்காரர்; அவர் உருதுவில் 'கைக்கு' என்றால் 'ஏன்'. "ஆஸ்பத்திரியா?"

"இல்ல பாய், கட்டுரை."

அவர் அதற்குப் பிறகு மெதுவாக ஓட்ட ஆரம்பித்தார்.

பள்ளி வாசலில் கடைசிக் குழந்தையை இறக்கிவிட்டு, காலி வேனில் சேகர் சீட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் துணி கையிலிருந்து விழுந்தது.

"சர்டிபிகேட் கேட்டுட்டானா?"

"இல்லப்பா. உக்காரு. படிக்கறேன், கேளு."

மாயா வேன் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். சேகர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார். பஸ் கண்டக்டர்கள் வந்த இடத்தில் ஒரு முறை மூக்கால் சிரித்தார். முடிந்ததும், ஒரு குழந்தை விட்டுப்போன தண்ணீர் பாட்டிலை எடுத்து நிமிர்த்தி வைத்தார். நான் வாட்சைப் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்ள மேற்கூரையைப் பார்த்தேன்.

"எல்லாம் சரி" என்றார் கடைசியில். "ஒண்ணு மட்டும் மாத்தணும்."

போச்சு. சர்டிபிகேட். முதல் பத்தியே போச்சு. மறுபடி ஏரியைத்தான் சுத்தம் செய்யவேண்டும்.

"பதினெட்டுப் பசங்கன்னு எழுதியிருக்கே. பர்மிட்டு பன்னெண்டுதான்."

மாயா என்னைப் பார்த்தாள். நான் மாயாவைப் பார்த்தேன்.

"அப்பா, அது அமெரிக்கா!"

"இருக்கட்டும்மா. படிக்கறவன் நல்லவனா இருந்தாப் பரவால்ல. இங்க ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு மெயில் தட்டி விட்டான்னா? கம்யூனிட்டி என்னா வேணா எழுது. எண்ணிக்கை எழுதாத."

எண்ணிக்கை போனது. 'எங்கள் வேனில் பதினெட்டுக் குழந்தைகள்' என்பது 'எங்கள் வேனில் குழந்தைகள்' என்று ஆனது. மாயா என் போனிலிருந்து லேப்டாப்புக்கு இணைப்பை எடுத்து, வாந்திக்காரர்களின் ஜன்னல் சீட்டிலேயே உட்கார்ந்து அனுப்பினாள். திரையில் வண்ணக் காகிதங்கள் சிதறி விழுந்தன. சேகர் எட்டிப் பார்த்தார்.

"எடம் கெடச்சிடுச்சா?"

"இல்லப்பா. அனுப்பினதுக்கு."

"அனுப்பினதுக்கே இப்படியா? நல்ல ஊருதான் போல."

அன்றைக்கு அவர் எங்களை வேனிலேயே இந்திராநகரில் கொண்டுவந்து விட்டார். மேசை மேல் உரித்த அவரேகாய் ஒரு டப்பா நிறைய இருந்தது, அதை மேடம் மாயாவிடம் கொடுத்தனுப்பினார். நான் வீட்டுக்குப் போய்ப் பட்டப்பகலில் படுத்துத் தூங்கினேன். கலா நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

மார்ச் மாதக் கடைசியில் பனிக் கல்லூரியிலிருந்து பதில் வந்தது. மிகவும் மரியாதையாக, இல்லை என்று எழுதியிருந்தார்கள். மாயாவை எடுத்துக்கொண்டது வேறொரு கல்லூரி. முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டு எடுத்தது. மாயா இப்போது அங்கேதான் கல்லு படிக்கிறாள். அந்தக் கல்லூரி துணைக் கட்டுரை எதுவும் கேட்காத கல்லூரி.